64 ஜிபி தரும் ஆனந்தம்

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அனிமேஷன் மென்பொருளில் வேலை பார்ப்பவர்களுக்கு டைம்லைனுக்கு மேலே ஓடும் பச்சைக் கோட்டின் அருமை தெரியும். அந்தப் பச்சை எதுவரை போகிறதோ, அதுவரை காட்சி ரேமில் தயாராக இருக்கிறது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போதும், தடங்கலே இல்லாமல் ஓடும். என் புது கம்ப்யூட்டரில் அந்தக் கோடு நீண்டுகொண்டே போகிறது. பார்க்கப் பார்க்க அப்படி ஒரு பூரிப்பு!

போட்டிருப்பது 64 ஜிபி ரேம். “எதுக்கு இவ்வளவு?” என்று கேட்காதவர் இல்லை. கேட்பவர்களுக்கெல்லாம் ஆசையாகக் கணக்கு சொல்கிறேன். ஒரு 4கே ஃப்ரேமில் 3840 பெருக்கல் 2160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்சல். பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா என நான்கு எண்கள். 8 பிட்டில் ஒரு ஃப்ரேமுக்கு 33 எம்பி, 16 பிட்டில் 66. நான் 16 பிட்டை விடமாட்டேன். அந்தி வானத்தின் நிறம் 8 பிட்டில் பட்டை பட்டையாகத் திரிந்துவிடும். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 1.6 ஜிபி. 20 நொடி டைட்டிலுக்கு 32 ஜிபி, அதுவும் முன்னோட்டத்துக்கு மட்டும்! விண்டோஸ், பிரவுசர், பின்னால் திறந்து கிடக்கும் ஃபோட்டோஷாப் எல்லாம் மிச்சத்தில்தான் பிழைக்க வேண்டும்.

இதில் என்ன பெரிய சுகம் என்கிறீர்களா? ஓர் எழுத்து திரைக்குள் வந்து நிற்கும் லயத்தை நிஜ வேகத்தில் பார்த்தால்தான் எடைபோட முடியும். இரண்டு ஃப்ரேம் முன்னால் தள்ளிப் பார்க்கலாமா, மூன்றா? கேள்வி எழும்போதே பதில் திரையில் வந்துவிடுகிறது. கை தயங்குவதே இல்லை. இந்தச் சுதந்திரத்துக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன்.

எல்லோருக்கும் 64 தேவையில்லை என்பதும் நிஜம். 24 மெகாபிக்சல் புகைப்படம் 16 பிட்டில் லேயருக்கு 144 எம்பி. இருபது லேயர் அடுக்கினாலும் 3 ஜிபியைத் தாண்டாது. படம் மட்டும் திருத்துபவருக்கு 32 தாராளம். சந்தேகமென்றால், இப்போதுள்ள கம்ப்யூட்டரில் உங்கள் கனமான ப்ராஜெக்ட்டைத் திறந்து டாஸ்க் மேனேஜரில் மெமரி வரைபடத்தைப் பாருங்கள். அது கூரையை முட்டிக்கொண்டு நின்றால், ரேம் போதாமல் எஸ்எஸ்டியிடம் கடன் கேட்கிறது என்று அர்த்தம். எவ்வளவு வேகமான எஸ்எஸ்டியும் ரேமுக்கு ஈடாகாது.

சென்னை ரிச்சி தெருவில் ரேம் வாங்கிய கடைத் தம்பி ஒரு தங்கமான யோசனை சொன்னார்: “சார், நாலு ஸ்லாட் இருக்குன்னு நாலு பதினாறு போடாதீங்க. ரெண்டு முப்பத்திரண்டு போடுங்க. டிடிஆர்5-ல நாலும் நிறைஞ்சா வேகம் இறங்கிடும்.” அப்படியே செய்தேன். அவர் நன்றாக இருக்கவேண்டும்!

மேக்கில் இப்படி நாமே ரேம் போடும் வசதி கிடையாது. எம்1 தொடங்கி எம் வரிசைச் சிப்புகளில் மெமரி சிப்போடு ஒட்டியே வரும். கிராபிக்ஸும் அதிலேயே பங்கு கேட்கும். வாங்கும் அன்று எடுத்த அளவுதான் கடைசிவரை. காமிக்ஸ் வரையும் என் தங்கை எம்4 மேக் மினி வாங்கப்போகிறாள். 16, 24, 32 என்று மூன்று அளவு இருக்கிறது. “எனக்கு 24 போதும்ணே” என்கிறாள். அனிமேஷன் ஆசையும் அவளுக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும், அதனால் 32 எடு என்று தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.