பச்சையின் அரசியல்: ஸ்லைடு ஃபிலிமும் ஆளில்லாத காடும்

இயற்கைப் புகைப்படக்காரர்கள் கூடிய இடங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுந்தது: எந்த ஸ்லைடு ஃபிலிம் நல்லது? பதிலும் ஏறத்தாழ முடிவானது. 1990 வரை கோடாக்ரோம், அப்புறம் வெல்வியா. ஏதோ தொழில்நுட்ப விவகாரம், நமக்கென்ன என்று விட்டுவிடுவதற்கில்லை. காடு என்றால் என்ன என்பதும் இந்தத் தேர்வில்தான் கட்டமைக்கப்பட்டது.

ஸ்லைடுக்கு இருந்த மரியாதையை முதலில் பார்ப்போம். நெகடிவில் எடுத்தால் பிரிண்ட் போடும்போது லேப்காரர் நிறத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஸ்லைடில் கேமராவுக்குள் ஓடிய ஃபிலிமே இறுதிப் படம். பத்திரிகைகளும் ஸ்லைடுதான் கேட்டன. 'எடுத்தது எடுத்தபடி' என்கிற நம்பகம் இப்படி உருவானது. கை இல்லாமல் இல்லை. அது தொழிற்சாலைக்குள் இருந்தது. எந்தப் பச்சை எவ்வளவு பச்சையாக விழ வேண்டும் என்பது எமல்ஷனைக் கலக்கும்போதே முடிவாகிவிட்டது.

கோடாக்ரோம் சிவப்பையும் மண்ணையும் நன்றாகச் சொல்லும். இலை அதில் கொஞ்சம் மந்தம். ஃபூஜி 1990இல் கொண்டுவந்த வெல்வியாவிலோ இலை மழை பெய்து ஓய்ந்த மாதிரி நிற்கும். பெட்டியில் ஐஎஸ்ஓ 50 என்றிருக்கும். பலர் மீட்டரை 40இல் வைத்தே எடுத்தார்கள். சில நொடிகளுக்கு மேல் ஷட்டரைத் திறந்துவைத்தால் பச்சை இன்னும் ஏறும். மெஜந்தா ஃபில்டர் போடச் சொன்னது கம்பெனியே! கோடாக்ரோமைக் கழுவத் தனி முறை, தனி லேப். வெல்வியாவை ஈ-6 வசதியுள்ள எந்த லேபிலும் கழுவலாம். சந்தை சாய்ந்ததற்கு இதுவும் காரணம். 2009இல் கோடாக்ரோம் உற்பத்தி நின்றது. வெல்வியாவோ ஃபூஜியின் டிஜிட்டல் கேமராக்களில் அதே பெயரில் ஒரு நிறத்தெரிவாக உட்கார்ந்திருக்கிறது.

வெல்வியாவில் ஆளை எடுக்காதே என்பது பாலபாடம். வெள்ளைத் தோல் சிவந்துபோகுமாம். முகத்துக்கென்று அதே கம்பெனி அஸ்டியாவை விற்றது. மனுசனுக்கு ஒரு டப்பா, இயற்கைக்கு ஒரு டப்பா. சரி, கறுத்த தோலின் கதி? ஸ்லைடு ஃபிலிம் தாங்கும் ஒளி வித்தியாசம் சுமார் 5 ஸ்டாப். வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் நிழல் கரி. உச்சிவேளையில் மரத்தடியில் நிற்கிற ஆடு மேய்ப்பவர், சுள்ளி பொறுக்குகிற பெண் எல்லாரும் வெறும் இருட்டுத் திட்டு. ஆகவே கையேடுகள் விடியலையும் அந்தியையும் சிபாரிசு செய்தன. காட்டில் ஆட்கள் வேலை செய்கிற பகல்பொழுது முழுசாகக் கழிந்தது.

அமெரிக்க வனாந்தரக் கோட்பாடு இங்கே இறக்குமதியாகும்போது அதன் விலையை ஏழைகள்தான் கொடுக்கிறார்கள் என்று ராமச்சந்திர குஹா 1989இல் எழுதினார். புலித் திட்டம் அவர் காட்டிய உதாரணம். அந்தக் கோட்பாட்டுக்கு ஒரு வேதியியலும் இருந்தது என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

அழகான படங்கள் காடுகளைக் காப்பாற்றவில்லையா என்பார்கள். காப்பாற்றின. டாஸ்மேனியாவின் ஃபிராங்க்ளின் ஆற்றைப் பீட்டர் டோம்ப்ராவ்ஸ்கிஸ் 1979இல் எடுத்த வண்ணப்படம், வெல்வியாவுக்கு முந்தியது, 1983 ஆஸ்திரேலியத் தேர்தலில் விளம்பரமாக வந்தது. பனிமூட்டம், பாறை, தண்ணீர். அதே வருசம் உயர் நீதிமன்றத் தீர்ப்பில் அணை நின்றது. ஆனால் அந்த ஆற்றங்கரைக் குகையொன்றில், குட்டிகினாவில், பனியூழிக் காலப் பழங்குடிகளின் கல்கருவிகள் 1981இல் கிடைத்திருந்தன. வழக்கில் அந்தச் சான்றும் பேசியது. வாக்காளர் பார்த்த படத்தில் ஆற்றுக்கு ஆளே கிடையாது.

நமக்குப் பாலையும் ஒரு திணை. பச்சையே காடு என்று பழகிய கண்ணுக்கு முட்புதர்க் காடு காடாகத் தெரியாது. அரசின் தரிசுநில அட்லஸிலும் புதர்நிலம் தரிசுதான். மா. கிருஷ்ணன் கறுப்பு-வெள்ளையிலேயே நிலைத்து நின்றதை வெறும் பழமைப் பிடிவாதம் என்று தள்ள எனக்கு மனமில்லை. அந்தப் படங்களில் யானைக்குப் பச்சை தேவைப்படவில்லை.

இன்றைக்கும் ஸ்லைடில்தான் எடுப்பேன் என்கிறவர்களுக்கு: 2018இல் திரும்பிவந்த எக்டாக்ரோம் ஈ100 போடுங்கள், அது பச்சையைப் பெருக்குவதில்லை. உச்சிவேளையில் போங்கள். மீட்டரை மேகத்தில் வைக்காமல், நிழலில் நிற்கிறவரின் முகத்தில் வையுங்கள். வானம் வெளுத்துப்போகும், போகட்டும்.