முதல் நூலும் முதல் வாசகரும்

ஒரு நூல் பிறக்கும் நாள் எது? அச்சகத்திலிருந்து கட்டுக் கட்டாக வெளிவரும் நாள் என்பர் சிலர். மாலை மரியாதையோடு மேடையில் வெளியிடப்பெறும் நாள் என்பர் வேறு சிலர். ஆசிரியரை முன்பின் அறியாத ஒருவர் அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்து முடிக்கும் நாளே அதன் பிறந்தநாள் என்பது என் கருத்து. நம் மலேசியத் தமிழர் மேடைக்குக் கொடுக்கும் சிறப்பை இந்த நாளுக்குக் கொடுப்பதில்லை.

நம் நூல் வெளியீட்டு விழாக்கள் நடைபெறும் முறையை அன்பர்கள் அறிவார்கள். வாழ்த்துப் பாடலும் வரவேற்புரையும் முடிந்தபின் 'முதல் நூல்' பெறும் சடங்கு நிகழும். செல்வர் ஒருவர் உறையிலிட்ட பணத்தைக் கொடுத்து முதற்படியைப் பெறுவார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வரிசையில் நின்று உறை கொடுத்து, நூல் பெற்று, படம் பிடித்துக்கொள்வார்கள். இதை நான் முற்றாகப் பழிக்கத் துணியேன். வாங்குவோர் தொகை சிறிதாக உள்ள நாட்டில், அச்சுக்கூலியை ஆசிரியர் வேறெங்கே தேடுவார்? அந்த உறைகள் இல்லையேல் பல நல்ல நூல்கள் கையெழுத்துப் படியாகவே கரையானுக்கு இரையாகியிருக்கும்.

ஆயினும் அம்முறையில் ஒரு பெருங்குறை உண்டு. அன்றுதான் வெளிவரும் நூலை அவையில் எவர் படித்திருக்க முடியும்? ஆகவே அங்கே பாராட்டுக்கு இடமுண்டு, கேள்விக்கு இடமில்லை. ஆசிரியருக்குப் புரவலர் கிடைக்கிறார், வாசகர் கிடைப்பதில்லை. விழா முடிந்ததும் எஞ்சிய படிகள் ஆசிரியர் வீட்டுக் கட்டிலடியில் துயில்கின்றன.

இந்நாட்டில் இதற்கு வேறான வழக்கமும் இருந்தது. 1950–51 ஆண்டுகளில் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். வாசகர் எழுதியனுப்பிய பயிற்சிகளை மதிப்பிட்டு, அவர்களையே எழுத்தாளராக்கிய முயற்சி அது. பின்னர் அவ்விதழுக்கு ஆசிரியராகத் தமிழகத்திலிருந்து வந்த கு. அழகிரிசாமி, 1957-இல் கோலாலம்பூரில் 'இலக்கிய வட்டம்' அமைத்துச் சிறுகதைகளைப் படித்து விவாதிக்கச் செய்தார். அங்கே மாலையைவிடக் கருத்துக்கே மதிப்பு. 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோயிற்று. அது தொடங்கிவைத்த பழக்கமும் அதனுடன் போய்விடலாகாது.

பிற இடங்களையும் நோக்குவோம். யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவா தம் முடிதிருத்தும் நிலையத்திலிருந்தே 1966-இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். அதைத் தாமே சுமந்து தெருத்தெருவாகச் சென்று விற்றார். விற்கும்போதே படிப்பவரின் முகத்தையும் கருத்தையும் அறிந்தார். பாரிசு நகரில் சில்வியா பீச் என்னும் அமெரிக்க மாது 1919-இல் திறந்த சிறு புத்தகக் கடை, எழுத்தாளரும் வாசகரும் கூடும் இல்லமாயிற்று. ஜேம்ஸ் ஜாய்சின் 'யுலிசிஸ்' நாவலை 1922-இல் வெளியிட்டதும் அக்கடையே. நம் காலத்தில் சென்னை கே.கே. நகரில் எழுந்த டிஸ்கவரி புக் பேலஸ், நூல் விற்பதோடு எழுத்தாளர் வாசகர் சந்திப்புகளையும் நடத்திப் பெயர் பெற்றது. பெரிய மண்டபம் செய்யாததைச் சிறிய கடை செய்யக்கூடும் என்பதற்கு இவை சான்று.

எங்கள் நெகிரி செம்பிலானில் நான் நேரில் கண்டதையும் கூற வேண்டும். சிறு பட்டணம் ஒன்றில் ஒரு தமிழ்ப் புத்தகக் கடை. பள்ளிப் பயிற்சி நூல்களும் பஞ்சாங்கமும் பூசைப் பொருள்களுமே அதற்குச் சோறு போடுவன. இலக்கிய நூல்களுக்கு ஒரே ஓர் அடுக்கு. அக்கடைக்காரர் நகரத்து இளைஞர் ஒருவரின் சிறுகதைத் தொகுதியை ஒரு மாதம் முன்பே விற்றுவிட்டு, பின்னர் அவரை வரவழைத்தார். வந்தவர் பதினான்கு பேர். எல்லாரும் நூலைப் படித்திருந்தார்கள்.

கூட்டத்தில், தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய மூதாட்டி ஒருவரும் இருந்தார். பேத்தி படித்துக் காட்டக் கேட்டவர். கணவனை இழந்த பெண்ணொருத்தி கொட்டும் மழையில் அழுதுகொண்டே மரம் வெட்டுவதாக ஒரு கதை. அதைப் பற்றி அவர் சொன்னார்:

"தம்பி, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா மழை பெஞ்சா மரம் வெட்ட மாட்டாங்க. பட்டை நனைஞ்சா பால் கோட்டை விட்டு வழிஞ்சு போயிரும், மங்குல தண்ணிதான் நிக்கும். அன்னிக்கு வேலை கிடையாது, சம்பளமும் கிடையாது. அவ வீட்டுல சும்மா உக்காந்து அடுப்பைப் பாத்துத்தான் அழுதிருப்பா."

கடையில் சற்று நேரம் எவரும் பேசவில்லை. இளைஞர் தம் படியை வாங்கி அந்தப் பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அம்மூதாட்டி சுட்டியது ஒரு தகவற்பிழை மட்டுமன்று. ஆசிரியர் தேடிய துயரம் மழையில் இல்லை, எரியாத அடுப்பில் இருக்கிறது என்று காட்டிவிட்டார். எந்தத் திறனாய்வாளர் இதைவிடச் சிறந்த விமரிசனம் எழுதியிருப்பார்?

இதில் அவசரமும் உண்டு. எங்கள் மாநிலத்தில் ரப்பர் நின்ற காடுகள் பலவும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்தில் வாழ்ந்தோர் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் சிதறிக் குடியேறினர். நம் எழுத்தாளரோ இன்னும் தோட்டத்தையே எழுதுகின்றனர். எழுதட்டும், அது நம் வரலாறு. ஆனால் அதிகாலை இருட்டில் உளியும் விளக்குமாக நிரைக்குச் சென்றவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்கள் மறைந்தபின் "இது இப்படி இல்லை, தம்பி" என்று சொல்ல எவர் இருப்பார்? தவறும் கேள்வியற்று வரலாறாகிவிடும்.

ஆதலின் நான் வேண்டுவது மிகச் சிறிது. விழா எடுப்போர் எடுக்கட்டும். அதன்பின் ஒரு மாதம் கழித்து, ஆசிரியர் தம் ஊருக்கு அண்மையிலுள்ள சிறு புத்தகக் கடையில் ஒரு மாலைப்பொழுது அமரட்டும். மாலையும் பொன்னாடையும் வேண்டா. விலை கொடுத்து வாங்கிப் படித்தவர் பேசட்டும், ஆசிரியர் கேட்கட்டும். கண் மங்கிய முதியோருக்கு நம் பள்ளி மாணவர் முன்கூட்டியே படித்துக் காட்டட்டும். அப்பொறுப்பை ஆசிரியர்களாகிய நாங்கள் ஏற்கலாம். கடைக்காரருக்கும் நான்கு படி விற்ற இலாபம் சேரும். அந்த ஓர் அடுக்கு நாளை இரண்டாக வளரக்கூடும்.

முதல் நூலைப் பெறுபவருக்கு நன்றி சொல்வோம். ஆனால் முதற்பிழையைக் காட்டுபவரையே ஆசிரியர் தேடிச் செல்ல வேண்டும்.