நாய் நெருங்காத வீடு

'பண்டைத் தமிழர் உணவு' என்று ஒருமையில் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எந்தத் தமிழர், யார் வீட்டு அடுப்பு, யார் குத்திய அரிசி என்று கேட்டால் பதில் கிடையாது.

எம்.ஏ. வகுப்பில் பெரும்பாணாற்றுப்படை நடத்திய அய்யா, 500 அடிகளையும் 'விருந்தோம்பல்' என்ற ஒரே சொல்லில் முடித்தார். வாடூன் வந்த இடத்தில் பொருள் சொல்லாமலே பக்கத்தைத் திருப்பினார். எங்க வீட்டுக் கொடியில அம்மா கோத்துக் காயப்போடுற உப்புக்கண்டம்தானே அது என்று கடைசி பெஞ்சில் எனக்குத் தோன்றியது. வாய் திறக்கவில்லை. சொன்னால் நான் எந்தத் தெரு என்று தெரிந்துபோகும்.

அந்தப் பாட்டை இப்போது அடுப்படியிலிருந்து படிக்கிறேன். காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு உருத்திரங்கண்ணனார் வழி சொல்கிறார். அந்த வழி நெடுகச் சோறுதான். எயினர் குடிசையில் புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும். முல்லைநிலத்து இடையர் வீட்டில் தினைச்சோறும் பாலும். மருதத்து உழவர் வீட்டில் வெண்ணெல் சோறும் பெட்டைக்கோழிப் பொரியலும். வலைஞர் வீட்டில் கள்ளும் சுட்ட மீனும். பட்டினத்தில் குழியில் நிறுத்திக் கொழுக்க வளர்த்த பன்றிக்கறி. நிலம் எதைக் கொடுத்ததோ அதுவே சோறு. எதற்கும் இங்கே வெட்கமில்லை.

எயிற்றியரைப் பாருங்கள். கரம்பை நிலத்தைக் கடப்பாரையால் கிண்டிப் புல்லரிசி எடுக்கிறார்கள். தரையில் குழித்த உரலில் குத்துகிறார்கள். கிணற்றில் ஊறிய கொஞ்சம் உவர்நீரை மொண்டு, வாய் உடைந்த பானையில், முரிந்த அடுப்பில் ஆக்குகிறார்கள். பஞ்சத்தில் எங்க ஆத்தா எறும்புப் புத்தைக் கிண்டித் தானியம் எடுத்த கதையை இந்த அடிகளுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் என்னால் படிக்க முடிகிறது. இதை 'விருந்தோம்பல்' என்று மூடினால் அந்தப் பெண்களின் உழைப்பு காணாமல் போகிறது.

பாட்டில் ஒரு நாயும் உண்டு. எயினர் அரணில் அது உடும்பைப் பிடித்துக்கொண்டு வருகிறது. செந்நெல் சோற்றோடு அந்த உடும்புக்கறியைப் பாணன் சாப்பிடுகிறான். நாயும் அந்த வீட்டுக்குச் சோறு போடும் கூட்டாளி. பிறகு மறையோர் வீடு வருகிறது. அங்கே சாணம் மெழுகியிருக்கிறது, கிளி வேதம் சொல்கிறது. கோழியும் நாயும் அந்தப் பக்கம் நெருங்காது என்று புலவர் எழுதுகிறார். உயர்ந்த அரிசிச் சோறு, வெண்ணெயில் வெந்த மாதுளங்காய், மாவடு எல்லாம் பாணனுக்குக் கிடைக்கின்றன. நாய்க்கும் கோழிக்கும்தான் இடமில்லை. முதல் வேலி அங்கே விழுகிறது. இதை எந்த உரையாசிரியரும் எனக்குப் பிரச்சினையாகக் காட்டித் தரவில்லை.

வேலி அங்கேயே நின்றுவிடவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதும்போது திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக் கோயில் வாசலில் நின்று பாடுகிறார். ஆண்டவனே சொன்ன பிறகுதான் உள்ளே போகிறார். ஆரூரில் அவருக்கென்று வடக்கே தனி வாசல். எல்லா வீட்டிலும் சோறு தின்ற பாணன், நாய் நின்ற இடத்துக்கு வந்துவிட்டான். சங்க காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. துடி அடிப்பவனைப் 'புலையன்' என்று புறநானூறு 287ஆம் பாட்டே கூப்பிடுகிறது. ஆனால் எதைத் தின்கிறான் என்பதை வைத்து ஆளைத் தள்ளிவைக்கிற ஏற்பாடு பிறகுதான் இறுகியது. தீண்டாமைக்கும் மாட்டுக்கறிக்கும் உள்ள உறவை அண்ணல் அம்பேத்கர் 1948இல் 'தீண்டப்படாதார்' நூலில் விரிவாகப் பேசினார். நம்ம தமிழ்த்துறைகள் அந்தக் கேள்வியைச் சங்கப் பாட்டுக்குள் கொண்டுபோகத் தயங்குகின்றன.

அகநானூறு 309இல் மழவர் வேப்பமரத்தடியில் கொழுத்த பசுவை வெட்டித் தெய்வத்துக்குக் குருதி தூவிக் கறி ஆக்கித் தின்கிறார்கள். 'அவங்களும் தின்னாங்க' என்று சான்று காட்டி யாரிடமும் அனுமதி வாங்க இதைச் சொல்லவில்லை. என் அம்மாவின் கொடிக்கு ஆதாரம் தேவையில்லை. ஆதாரம் கேட்க வேண்டியது அந்த வேலியிடம்தான்.

மாணவத் தோழர்களே, அடுத்த முறை வகுப்பில் பக்கம் திருப்பப்படும்போது கையைத் தூக்குங்கள். நான் தூக்கவில்லை.