தனிமூலதனமும் ஈழத்துத் தமிழ்ப்படமும்: வி. பி. கணேசனின் முயற்சி குறித்து

ஈழத்துத் தமிழ்ப்பட முயற்சிகளின் வீழ்ச்சிக்குக் கலைக்குறைபாட்டையே காரணமாகக் கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ (1975), ‘நான் உங்கள் தோழன்’ (1978), ‘நாடு போற்ற வாழ்க’ (1981) ஆகிய மூன்றையும் ஒரே முயற்சியின் வரலாறாக நோக்குமிடத்து இவ்விளக்கம் போதாதென்பது புலனாகும்.

எழுபதுகளின் தொடக்கம்வரை திரைப்பட இறக்குமதியும் விநியோகமும் பெரும்பாலும் சிலோன் தியேட்டர்ஸ், சிலோன் என்டர்டெயின்மென்ட்ஸ், சினிமாஸ் லிமிட்டெட் ஆகிய மூன்று நிறுவனங்களின் பிடியிலேயே இருந்தன. தமிழ்நாட்டில் முதலை மீட்டுவிட்ட படத்தின் பிரதியே இலாபந்தருமெனின், உள்ளூரில் படமெடுக்க வணிகமூலதனம் ஏன் முன்வரவேண்டும்? 1972இல் தோன்றிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இவ்விரண்டையும் தன்வசப்படுத்திய பின்னரே தனித் தயாரிப்பாளருக்குத் திரையரங்கின் கதவு திறந்தது. 1978இல் கணேசனின் படத்தோடு ‘வாடைக்காற்று’, ‘தென்றலும் புயலும்’ முதலியனவும் வெளிவந்தமை தற்செயலன்று.

ஆயினும், திறந்த கதவினூடே நுழைந்தது எது? ‘புதிய காற்று’ மலையகத்தைக் களமாகக் கொண்டது. தெளிவத்தை ஜோசப் அதன் எழுத்தில் பங்குகொண்டவர். தொழிற்சங்கவாதியான கணேசனே முதலீட்டாளர், அவரே கதாநாயகர். தொழிலாளரின் கூட்டுப்போராட்டம் ஒரு தனிமனிதரின் முகத்தில் ஒடுங்குவதற்கு இவ்வமைப்பே வழிவகுத்தது என்பது நமது கருத்து. தமிழ்நாட்டு நாயகப்படங்களிற் பழகிய சந்தை அதனை வேண்டி நின்றது என்பதையும் மறுப்பதற்கில்லை.

அச்சந்தையின் ஒரு பகுதியே கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையிலான கரையோர முஸ்லிம் ஊர்கள். வயற்காரரும் மீனவரும் மருதமுனை நெசவாளரும் நுழைவுச்சீட்டு வாங்கினர். திரையில் அவர்கள் இல்லை. ‘கோமாளிகள்’ (1976) தந்த மரைக்கார், வானொலியிலிருந்து வந்த நகைச்சுவைப் பாத்திரம். (ராமதாஸின் நடிப்பை நாமும் இரசித்தோம், அது வேறு விடயம்.) இதே கல்முனையிலிருந்துதான் எம். ஏ. நுஃமானின் ‘கவிஞன்’ வெளிவந்தது. கவிதையேட்டுக்கு ஓர் அச்சகமும் சில நண்பர்களும் போதும். படத்துக்கோ கொழும்பின் கலையகமும் மூலதனமும் வேண்டும். குரலின்மைக்கு ஆற்றலின்மை காரணமன்று.

1977இன் திறந்த பொருளாதாரமும் அதனைத் தொடர்ந்த தொலைக்காட்சியும் சிறு தயாரிப்பாளரின் நிலையை மேலும் நலிவித்தன. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா கலையகம் எரிந்தது. அதன்பின் கரையோர வீடுகளுக்குத் தமிழ்ப்படம் ஒளிநாடாவில் வந்தது, மீண்டும் தமிழ்நாட்டிலிருந்தே.