'மிதமான ஆபத்து' என்றால் எவ்வளவு?

அமெரிக்காவின் மத்தியச் சமவெளியில் வசந்த காலம் பிறந்துவிட்டால், வானிலை முன்னறிவிப்புகளில் ஒரு செய்தி அடிக்கடி இடம்பெறும்: கடும் இடிப்புயல்கள் வரக்கூடும், அதன்பின் வெப்பநிலை குறையும். முற்பாதி அச்சமூட்டுகிறது; பிற்பாதி ஆறுதல் அளிக்கிறது. இத்தகைய அறிவிப்புகளின் பின்னுள்ள அறிவியல் பாராட்டத்தக்கது. ஆனால் அதை மக்களுக்குச் சொல்லும் மொழியில் ஒரு பெருங்குறை உண்டு. 'வழக்கமான நாளைவிட எவ்வளவு அதிகம்?' என்ற கேள்விக்கு அதில் விடை இருப்பதில்லை.

முதலில் இயற்பியலைப் பார்ப்போம். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெப்பமும் ஈரமும் மிக்க காற்று தரையை ஒட்டி வடக்கே பரவுகிறது. மேற்கு மேட்டுநிலங்களிலிருந்து வரும் வறண்ட காற்று, பானைக்கு இட்ட மூடியைப் போல அதன் மேல் படிகிறது. வடக்கிலிருந்து கனடாவின் குளிர்காற்று வந்து சேர்கிறது. குளிர்காற்று அடர்த்தி மிகுந்தது. ஆகவே அது ஆப்பு போல வெப்பக் காற்றின் அடியில் புகுந்து அதை மேலே தள்ளுகிறது. மூடி உடைகிறது, ஈரக்காற்று சீறி எழுகிறது, நீராவி குளிர்ந்து நீராகும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பம் அதை இன்னும் உயர்த்துகிறது. உயரத்துக்கேற்பக் காற்றின் திசையும் வேகமும் மாறினால் மேகம் சுழலத் தொடங்குகிறது. ஆலங்கட்டி மழையும், 'டார்னடோ' எனப்படும் குழல்வடிவச் சுழல்காற்றும் இவ்வாறுதான் பிறக்கின்றன.

இவ்விரு காற்றுகளின் எல்லையே குளிர்முகப்பு. அது கடந்து சென்றபின் அவ்வூரின் மீது நிற்பது வேறு காற்று. எனவே புயலும் குளிரும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள். மழை பெய்ததால் மட்டும் ஊர் குளிர்ந்தது என்று எண்ணுவது தவறு.

'வெப்பநிலை குறையும்' என்று வாளா சொல்லிவிடுவது எவ்வளவு போதாது என்பதற்கு 1911 நவம்பர் 11 சான்று. அன்று ஓக்லஹோமா நகரில் வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் வரை உயர்ந்து, அதே நாளில் உறைநிலைக்குக் கீழே 8 பாகை வரை இறங்கியது. அதே குளிர்முகப்பு விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் நகருக்கு அருகே கொடிய டார்னடோவைத் தோற்றுவித்தது. வீடிழந்தவர்கள் சிறிது நேரத்துக்குள் பனிப்பொழிவிலும் கடுங்குளிரிலும் சிக்கினார்கள். கூரை இழந்தவனுக்கு அந்தக் குளிர் ஆறுதலா?

இனி அறிவிப்பின் முற்பாதிக்கு வருவோம். ஓக்லஹோமா மாநிலம் நார்மன் நகரிலுள்ள புயல் முன்கணிப்பு மையம் நாடு முழுமைக்கும் புயல் அபாய வரைபடங்களை வெளியிடுகிறது. 2014 முதல் அபாயம் ஐந்து படிகளாகக் காட்டப்படுகிறது. அவற்றின் பெயர்களைத் தமிழில் சொன்னால் மிகச் சிறிது, சிறிது, கூடுதல், மிதம், உயர்வு என்றாகும். 'மிதம்' நடுப்படி என்று நீங்கள் எண்ணுவீர்கள். இல்லை, அது நான்காம் படி! 2023 மார்ச் 24 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ரோலிங் ஃபோர்க் என்ற சிற்றூரை டார்னடோ இரவு நேரத்தில் சிதைத்தது. அன்றைய வரைபடத்தில் காணப்பட்ட மிக உயர்ந்த படி 'மிதம்'தான். கணிப்பாளர் அபாயத்தைச் சரியாகவே உணர்ந்திருந்தனர். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு யார் பதறி எழுவார்கள்?

சொல்லை விட்டுவிட்டு எண்ணைச் சொன்னால் போதாதா? அதிலும் சிக்கல் உண்டு. ஓரிடத்தைச் சுற்றி ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குள் டார்னடோ தோன்றும் நிகழ்தகவு 5 சதவீதம் எனில், பொதுவாக அது 'சிறிது' என்ற படியில் சேரும். நூற்றுக்கு ஐந்து அற்பம் என்றே தோன்றும். ஆனால் டார்னடோ மிகுந்த பகுதியில், அதற்குரிய பருவத்தில்கூட, சாதாரண நாளில் இந்நிகழ்தகவு ஏறத்தாழ 1 சதவீத அளவே. அப்படியானால் இன்றைய அபாயம் ஐந்து மடங்கு! இந்த ஒப்பீடு இல்லாத எண்ணும் ஊமைதான்.

ஒப்பீட்டின் அருமையை 1884-லேயே ஒருவர் சுட்டிக்காட்டினார். ஜான் ஃபின்லி என்ற அமெரிக்க இராணுவ வானிலையாளர், டார்னடோ பற்றிய தம் 2,803 முன்கணிப்புகளில் 96.6 சதவீதம் சரியானவை என அறிவித்தார். புவியியலறிஞர் கில்பர்ட் அதை ஆராய்ந்தார். டார்னடோ தோன்றிய நேர்வுகள் 51 மட்டுமே. நாள்தோறும் 'டார்னடோ வராது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால்கூட 98.2 சதவீதம் சரியாகியிருக்கும்!

அப்படியென்றால் ஃபின்லிக்குத் திறமையே இல்லையா? 'வரும்' என்று அவர் 100 முறை சொன்னார். 28 முறை பலித்தது. குருட்டாம்போக்கில் 100 முறை சொன்னால் இரண்டு முறைதான் பலித்திருக்கும். அவருடைய பெருமையைக் குலைத்த அதே ஒப்பீடு, அவருடைய உண்மைத் திறமையையும் வெளிக்கொணர்கிறது.

இந்தப் பாடம் முன்கணிப்புகளைச் சோதிக்கும் அறிஞர்களிடம் வேரூன்றிவிட்டது. மக்கள் காதில் விழும் சொற்களை மட்டும் இன்னும் எட்டவில்லை. 'மிதமான ஆபத்து, பின்னர் குளிர்' என்பதற்குப் பதிலாக, 'ஐந்தில் நான்காம் படி, வழக்கமான நாளைவிட இத்தனை மடங்கு அபாயம், இத்தனை மணிக்குப்பின் வெப்பநிலை இத்தனை பாகை குறையும், தஞ்சம் புகுவோர் கம்பளி எடுத்துச் செல்க' என்றால் என்ன? கூடுதலாக இரண்டு வரிகள்தான் செலவாகும்.

மாணவ நண்பர்களே, எந்த நாட்டு வானிலை அறிவிப்பைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வழக்கத்தைவிட எவ்வளவு? எவ்வளவு பரப்புக்குள், எந்நேரத்தில்? அதைத் தொடர்ந்து வருவது என்ன? இவற்றுக்கு விடை தரும் அறிவிப்பே ஒரு குடும்பத்தை உரிய நேரத்தில் நிலவறைக்குள் இறங்கச் செய்யும்.