புகைக்க முற்றத்துக்குப் போங்கள்

ஆரல்வாய்மொழியில் நாள் வாடகைக்கு விடும் வீட்டில் ‘புகைபிடிக்கக் கூடாது’ என்று பலகை மாட்ட ஐந்து நிமிடம் போதும். அதை மீறுகிறவரை என்ன செய்ய முடியும் என்று தேடிப் பார்த்தால், வீட்டுக்காரர்கள் நினைப்பதைவிட அவர்கள் கையில் இருப்பது குறைவு.

சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டப்படி, பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். 2008 அக்டோபர் 2-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் பணியிடத்தையும் பொது இடத்தோடு சேர்த்தன. தங்குமிடத்தில் புகைப்பதற்கென்று தனி இடம் ஒதுக்க, அது முப்பது அறையாவது உள்ள ஓட்டலாக இருக்க வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டமோ ஆறு அறைக்கு மேல் போகாது. ஆகவே ‘ஒரு ரூமில் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்ற சமரசத்துக்குச் சட்டத்தில் இடம் தேடுவது வீண். ஆனால் முழு வீட்டையும் ஒரு குடும்பம் எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டபின் அது பொது இடம்தானா? இரு பக்கமும் வாதிடலாம். காலையில் பெருக்கித் துடைக்க வரும் பெண்ணுக்கு அது வேலை பார்க்கும் இடம் என்பதால், பொது இடமே என்ற பக்கம் நான் நிற்பேன். எப்படியானாலும், 200 ரூபாய்க்காகப் போலீஸ் ஸ்டேஷன் படியேறும் வீட்டுக்காரர் கிடையாது.

அடுத்த ஆயுதம் அட்வான்ஸ். ‘புகைத்தால் 5,000 ரூபாய் பிடித்தம்’ என்று எழுதி வைப்பதுண்டு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இதைச் சும்மா விடாது. எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எதுவோ அதுதான் கிடைக்கும். திரைச்சீலையும் மெத்தை உறையும் சலவைக்குப் போன ரசீது, நாற்றத்தால் மறுநாள் விட முடியாமல் போன வாடகை, இவற்றைக் காட்டினால் பிடித்தம் நிற்கும். மிரட்டலுக்காக எழுதிய எண் நிற்காது.

இவ்வளவு பலவீனமான தடைக்கு ஏன் மெனக்கெட வேண்டும்? விடை சுவரில் இருக்கிறது. புகை கலைந்தாலும் நிகோடின் சுவரிலும் துணியிலும் மரத்திலும் தங்கிவிடுகிறது. கலிபோர்னியாவில் நாற்பது ஓட்டல்களில் நடந்த ஆய்வு 2014-இல் அச்சில் வந்தது. சில அறைகளில் மட்டும் புகைக்க விடும் ஓட்டலில், ‘புகையில்லா’ அறையில் ஒரே ஓர் இரவு தங்கிய புகைக்காதவர்களின் விரல்களிலும் சிறுநீரிலும்கூட அதன் தடயம் கூடுதலாக இருந்தது. முழுத்தடை உள்ள ஓட்டலில் தங்கியவர்களிடம் அந்த அளவு இல்லை. பாதித் தடை தடையே அல்ல என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. மரத் தட்டும் மரக் கதவும் உள்ள பழைய நாஞ்சில் நாட்டு வீடு என்றால் கவலை இன்னும் கூடும்.

இனி ஆரல்வாய்மொழிக்கே உரிய சிக்கல். மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விடும் கணவாய் இது. பக்கத்து முப்பந்தலில் காற்றாலைகள் அணிவகுத்து நிற்பதே அதனால்தான். ஆடிக் காற்றில் வாசலில் நின்று தீக்குச்சி கொளுத்திப் பாருங்கள், அணைந்துவிடும். ஜன்னலோரம் நின்று ஊதினால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். வெளியே போ என்று மட்டும் சொன்னால், வந்தவர் நேரே பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். இடம் காட்டாத தடை இந்த ஊரில் தோற்கும் என்பது என் கணிப்பு.

எனவே வீட்டுக்குள்ளும் திண்ணையிலும் ஒரு பீடிக்கும் இடமில்லாத முழுத்தடை. கூடவே பின்முற்றத்தில் காற்று மறைவாக ஒரு சிமெண்ட் திண்டும் மணல் நிரப்பிய பானையும். திறந்தவெளி பொதுவாகச் சட்டத்தின் பொது இடத்துக்குள் வராது. மணல் கட்டாயம் வேண்டும். கோடையில் காய்ந்த புல்லில் விழும் ஒரு துண்டு சிகரெட்டை இந்தக் காற்று மலையடிவாரம் வரை தீயாக்கிவிடும். இதையெல்லாம் பணம் வாங்குமுன் போனிலேயே சொல்லிவிட வேண்டும். சாவி கொடுக்கும்போது சொல்வது ஏமாற்று. உள்ளே கேமரா வைத்துக் கண்காணிக்கலாம் என்பவர்களை நான் ஏற்கவே மாட்டேன். தூங்கும் குடும்பத்தைப் படம் பிடிப்பது சிகரெட்டைவிடப் பெரிய அத்துமீறல்.

ஒரு நிபந்தனை வீட்டுக்காரருக்கும் உண்டு. புகைப்பவர்கள் காலிசெய்து இரண்டு மாதம் பூட்டிக் கிடந்து, சுத்தம் செய்த வீடுகளிலும் நிகோடின் எஞ்சியிருந்ததை 2011-இல் இன்னோர் ஆய்வு காட்டியது. ஆகவே சொந்த விருந்தாளிகளுக்கு அதே கூடத்தில் சிகரெட் நீட்டுகிற வீட்டுக்காரர், வாடகைக்கு வந்தவரின் அட்வான்ஸில் நாற்றத்துக்கென்று ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. அந்த நாற்றம் யாருடையது என்று அவரால் நிரூபிக்க முடியாது.