ஓரத்தில் ஓடும் ஓடை

புகலிடத்தில் எழுதும் எம்மிற் பலர் தமக்கென ஒரு வலைப்பதிவை வைத்திருக்கிறோம். சஞ்சிகைகளில் வந்த கட்டுரைகளை அங்கே தொகுத்து வைக்கிறோம். அதன் வலது ஓரத்தில், சமூக ஊடகத்தில் அவ்வப்போது எழுதும் குறிப்புகள் தானாகவே வந்து விழும்படி ஓர் ஓடையையும் இணைத்துவிடுகிறோம். பக்கம் உயிர்ப்போடு இருக்கும் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். நானும் அப்படி நம்பியே இணைத்தேன். அந்த நம்பிக்கை மீதான விமர்சனமே இது. சுயவிமர்சனம் என்றாலும் பொருந்தும்.

புகலிட இலக்கியத்தில் சாதியம் பேசப்பட்ட விதம் பற்றி நீண்ட கட்டுரையொன்றை எழுதியிருந்தேன். என்னோடு உடன்படாத நண்பரொருவரின் வாதத்தை அதில் கவனமாக எடுத்துச்சொல்லி, நியாயமுள்ள இடத்தை ஒப்புக்கொண்டு, அதன் பின்னரே மறுத்திருந்தேன். சில நாட்களின் பின், வேறொரு கோபத்தில், அதே வாதத்தை இரண்டு வரியில் நையாண்டி செய்து ஊடகத்திற் போட்டேன். ஓடை தன் வேலையைச் செய்தது. கட்டுரைக்குப் பக்கத்திலேயே நையாண்டியையும் கொண்டுவந்து வைத்தது. இளம் வாசகியொருவர் கேட்டார்: "அண்ணை, இதிலை எது உங்கடை கருத்து?" என்னிடம் பதில் இருக்கவில்லை. இரண்டையும் எழுதியவன் நான்தான். ஒன்று யோசித்து எழுதியது. மற்றையது கைதட்டலுக்காக எழுதியது.

இதைவிடப் பாரதூரமான விடயம் ஒன்றுண்டு. இத்தகைய ஓடைகள் பெரும்பாலும் கணக்கு வைத்திருப்பவரின் குரலை மட்டுமே காட்டுகின்றன. அதன் கீழே மற்றவர்கள் எழுதிய மறுப்புகள் என் பக்கத்துக்கு வருவதில்லை. 'சுவடுகள்', 'தூண்டில்', 'மனிதம்', 'எக்ஸில்', 'உயிர்நிழல்' போன்ற சஞ்சிகைகளின் காலத்தில் கட்டுரையும் அதற்கான எதிர்வினையும் அச்சில் நின்றன. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் செயற்திட்டம் பழைய சஞ்சிகைகள் பலவற்றை எண்ணிமப்படுத்தியிருப்பதால், அன்றைய சண்டைகளின் இரு பக்கத்தையும் இன்றும் வாசிக்க முடிகிறது. ஓடையில் எஞ்சுவதோ ஒரு பக்கம் மட்டுமே. அதுவும் எஞ்சினால்தான்.

ஏனெனில் அந்தச் சொற்கள் உண்மையில் என் பக்கத்தில் இல்லை. வாசகர் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவை நிறுவனத்தின் கணினியிலிருந்து வரவழைக்கப்படுகின்றன. யாரோ ஒருவர் இன்ன பக்கத்தைத் திறந்தார் என்ற தகவலும் கூடவே அங்கு போய்ச்சேரக்கூடும். தன்னை வெளிக்காட்டாமல் வாசிக்கவேண்டிய நிலையிலுள்ள வாசகர்கள் இன்னமும் இருக்கும் எமது சமூகத்தில் இது அற்பமான விடயமல்ல.

வழியை அடைப்பதும் அவர்கள் கையிலேயே உள்ளது. 2020 ஒக்ரோபரில் பேஸ்புக், தனதும் இன்ஸ்ரகிராமினதும் பதிவுகளைப் பிற தளங்களில் இலகுவாகப் பதிக்க இருந்த வழியை மாற்றியது. வேர்ட்பிரஸ் அந்த வசதியை நீக்கவேண்டியதாயிற்று. 2023இல் ருவிற்றர் தன் தரவுகளைப் பெறும் இலவச வழியை நிறுத்தியது. 2009இல் ஜியோசிற்றீசும் 2019இல் கூகிள் பிளசும் மூடப்பட்டன. இவற்றை 1981இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டதோடு ஒப்பிடுவது அபத்தம். அது வன்முறை; இது இலாபநட்டக் கணக்கு. ஆயினும் எமது எழுத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று கேட்பதற்கு எம்மைவிட அதிக காரணமுள்ளவர்கள் குறைவு.

வாசகர்கள் அங்கேதானே இருக்கிறார்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பத்திரிகை ஆசிரியர்கள் கதவடைத்த பெண்களும் தலித் எழுத்தாளர்களும் அங்கே வாய்திறக்க முடிந்தது என்பதை நான் மறுக்கவில்லை. எனவே ஊடகத்தை விட்டு வெளியேறும்படி நான் கேட்கவில்லை. திசையை மாற்றும்படியே கேட்கிறேன். முதலில் எமது பக்கத்தில் எழுதுவோம். பின் அதன் இணைப்பை அங்கே அனுப்புவோம். அங்கே நடந்த விவாதத்தில் பேணத்தக்கது இருந்தால், திகதியோடும், மறுத்தவரின் சம்மதம் பெற்று அவரது மறுப்போடும், நாமே பெயர்த்தெழுதி வைப்போம்.

நான் ஓடையை நீக்கிவிட்டேன். நீக்குமுன் என் குறிப்புகளை ஒருதரம் முழுமையாக வாசித்தேன். பெயர்த்தெழுதத் தகுந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே. நையாண்டியையும் அவற்றோடு சேர்த்து, நண்பரின் பதிலுடன், கட்டுரையின் அடியில் வைத்திருக்கிறேன். இதற்கு மாற்றுக்கருத்துள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும். இரண்டு பக்கமும் அச்சில் இருக்கும்.